பழைய வண்டி பாதி வழியில் நிற்கிறதா? பெட்ரோல் எங்கே தடைபடுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகுது. நாலாவது கியரில் முறுக்கினால் மூச்சு வாங்குது. ரெண்டு நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் இருபது கிக். வீட்டில் அப்பா காலத்து ஸ்பிளெண்டரோ, ஆசைப்பட்டு வாங்கிய ஆர்எக்ஸ்100-ஓ, விற்க மனசு வராத மாருதி 800-ஓ இருந்தால் இதில் ஒன்றாவது உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பதிலும் பழக்கமானதுதான்: "கார்புரேட்டர் போச்சு சார், புதுசு போட்டுடலாம்."

போயிருக்கலாம். ஆனால் கார்புரேட்டரில் அசையும் பாகங்களே கொஞ்சம்தான். அது ஒரேயடியாகக் கெட்டுப்போவதைவிட, அதற்குப் பெட்ரோல் வந்து சேராமல் போவதும், வந்த பெட்ரோலில் குப்பை இருப்பதும்தான் அதிகம். மூடியில் இருக்கும் ஒரு சிறு துளை அடைத்ததற்காகப் புது கார்புரேட்டர் வாங்கியவர்கள் உண்டு. புதியதை மாட்டிய பிறகும் அதே இடத்தில் வண்டி நிற்கும். அப்போது "ஒயரிங்ல ஏதோ பிரச்சினை" என்று அடுத்த பில் தொடங்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்த பிறகு புதிதாக வரும் பெட்ரோல் வண்டிகள் அநேகமாக எல்லாமே ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான். ஸ்கேனரைச் செருகினால் கோளாறு என்னவென்று அதுவே சொல்லும். பழைய வண்டியில் ஸ்கேனர் செருக இடமில்லை. கண், மூக்கு, காது, ஒரு பழைய கண்ணாடி பாட்டில் ஆகியவைதான் கருவிகள். நல்ல விஷயம் என்னவென்றால், பெட்ரோல் போகும் பாதை ஒரே நேர்கோடு. மேலிருந்து கீழே ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தால், எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

மொட்டை மாடி டேங்க் தெரிந்தால் இதுவும் தெரியும்

பைக்கில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்குகிறது. நடுவில் ஒரு காக் (ஆன், ரிசர்வ், ஆஃப் என்று திருப்புவோமே, அது), ஒரு ரப்பர் ஹோஸ், சில வண்டிகளில் சின்ன ஃபில்டர். அவ்வளவுதான்.

கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. ஃப்ளோட் சேம்பர் என்பார்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து மேலே வந்ததும் குழாய் அடைபடுமே, அதே வேலைதான் இங்கேயும். கிண்ணத்தில் பெட்ரோல் ஏறினால் மிதவை மேலே வந்து ஊசி வால்வை மூடும். குறைந்தால் மிதவை இறங்கி வால்வு திறக்கும். இந்த அளவு எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது, அந்தக் காற்று கார்புரேட்டரின் குறுகலான கழுத்து வழியாக வேகமெடுக்கிறது. வேகம் கூடும் இடத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில் கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல், ஜெட் எனும் பித்தளைத் துளைகள் வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு சுமார் 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான அளவு. பெட்ரோல் குறைந்தால் 'லீன்', கூடினால் 'ரிச்'. மெக்கானிக் வாயில் இந்த இரண்டு வார்த்தைகளும் அடிக்கடி வரும், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே பெட்ரோல் பிரச்சினைதானா?

இதை உறுதி செய்யாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. கரன்ட் பிரச்சினையை பெட்ரோல் பிரச்சினை என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணாக்குவது ரொம்ப சுலபம்.

வண்டி நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டி சட்டென்று நிற்காது. இழுவை குறையும், திக்கும், ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் கொஞ்சம் தேறும், மறுபடி முறுக்கினால் விழும். ஸ்பார்க் போனால் அநேகமாக லைட்டை ஆஃப் செய்ததுபோலப் பட்டென்று போகும்.

அடுத்தது பிளக். ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஏழெட்டு முறை மிதித்துவிட்டு, சூடு ஆறியிருந்தால், உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்து, பெட்ரோல் வாசனையே இல்லாமல் இருந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் வரவில்லை. ஈரமாகப் பளபளத்தால் பெட்ரோல் வருகிறது. ஒன்று ஸ்பார்க் இல்லை, இல்லையென்றால் தேவைக்கு மேல் வந்து மூழ்கியிருக்கிறது. கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் நீண்ட நாளாக ரிச்சாக ஓடியிருக்கிறது. வெளிறிப்போன வெள்ளை என்றால் லீன். வெளிர் பழுப்பு இருந்தால், பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருக்கும் வண்டியில் பிளக்கை இன்ஜின் மேல் வைத்து ஸ்பார்க் சோதிக்க வேண்டாம். பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே தீப்பற்றக் கூடியது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போய்க் கலையாது, தரையோடு தரையாகப் பரவும். நம் ஊரில் பாதி வண்டிகள் வீட்டுத் திண்ணையிலும் மாடிப்படிக்குக் கீழேயும்தான் நிற்கின்றன. பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரியும் இடத்துக்குப் பக்கத்தில் ஹோஸைக் கழற்றாதீர்கள். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய் வேலையைப் பாருங்கள்.

மூடியைத் திறந்ததும் 'உஸ்ஸ்'

அதிகம் பேரை ஏமாற்றும் கோளாறு இது. வண்டி காலையில் அருமையாக ஸ்டார்ட் ஆகும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் இழுவை குறைந்து நிற்கும். ஓரமாக நிறுத்தி, போனைப் பார்த்து, கொஞ்ச நேரம் கழித்து மிதித்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நன்றாக ஓடும். "ஒண்ணும் இல்லையே தம்பி" என்பார்.

பெட்ரோல் வெளியேற வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். டேங்க் மூடியில் அதற்கென்று ஒரு சிறு வழி இருக்கிறது. தூசி, வாட்டர் வாஷ் சோப்பு, பாலிஷ், துரு எதனாலாவது அது அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். இளநீரில் ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் ஒழுங்காகக் கொட்டாதே, அதே கதை. கொஞ்ச நேரம் சும்மா நின்றால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும்.

சோதிக்க ஸ்பேனரே வேண்டாம். வண்டி நின்ற அந்த நிமிடமே மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கிறதா? சில விநாடி பொறுத்து (கிண்ணம் நிரம்ப வேண்டும்) மிதியுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் மூடிதான் காரணம். திறந்தும் பிடிக்கவில்லை, இன்ஜின் ஆறினால்தான் பிடிக்கிறது என்றால் சந்தேகம் இக்னிஷன் காயில் பக்கம் போக வேண்டும். சூடானால் செயலிழந்து, ஆறினால் பிழைப்பது காயிலின் பழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மூடியைத் திறந்து பார்க்கும் இந்த ஒரு நிமிடம்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

கண்ணாடி பாட்டில் சோதனை

மூடி சரியென்றால் அடுத்தது காக். கார்புரேட்டர் முனையில் ஹோஸைக் கழற்றி, ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, காக்கைத் திறங்கள். பெட்ரோல் அறுபடாத கோடாக விழ வேண்டும். அரை நிமிடம் பாருங்கள். முதலில் நன்றாக விழுந்து, போகப்போக மெலிந்தால் மறுபடி மூடிமேல் சந்தேகம். மூடியைத் திறந்துவைத்து இன்னொரு முறை செய்தால் தெளிவாகிவிடும். ஆரம்பத்திலிருந்தே சொட்டுச் சொட்டாக விழுந்தால் காக்கின் வலையோ ஃபில்டரோ அடைத்திருக்கிறது.

ஆன், ரிசர்வ் இரண்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். காரணம் இருக்கிறது. டேங்குக்குள் காக்கிலிருந்து ஒரு குட்டிக் குழாய் நிமிர்ந்து நிற்கும். ஆன் நிலையில் பெட்ரோல் அந்தக் குழாயின் உச்சி வழியாக மட்டுமே இறங்கும். மட்டம் அதற்குக் கீழே போனால் நின்றுவிடும். ரிசர்வ் நிலையில் டேங்கின் அடித்தளத்திலிருந்து எடுக்கும். அடியில் என்ன இருக்கும்? பதினைந்து வருடத் துருவும், மழையில் இறங்கிய தண்ணீரும். "ரிசர்வுக்குத் திருப்பினதுல இருந்து வண்டி சரியில்லை" என்று யாராவது சொன்னால் அது மூடநம்பிக்கை இல்லை. டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் ஆன்-ல் வராமல் ரிசர்வில் மட்டும் வந்தால், அந்தக் குட்டிக் குழாய் அடைத்திருக்கிறது.

லீவரே இல்லாத காக் சில ஸ்கூட்டர்களில் உண்டு. இன்ஜின் சுற்றும்போது ஏற்படும் உறிஞ்சலால் தானாகத் திறக்கும் வகை அது. அதில் ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் வராது, வரவும் கூடாது. கூடவே போகும் மெல்லிய வாக்குவம் டியூப் வெடித்திருந்தால் காக் திறக்காது. உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருந்தால் அந்த டியூப் வழியாகவே பெட்ரோல் இன்ஜினுக்குள் போய் வண்டி ரிச்சாகப் புகைக்கும். டியூபைக் கழற்றி மோந்து பார்த்தாலே தெரியும். அதில் பெட்ரோல் வாசனை வரவே கூடாது.

ஹோஸ் வெளியே புதிதுபோல இருந்தாலும் உள்ளே உப்பியோ உரிந்தோ போயிருக்கலாம். மாற்றும்போது அசல் ஹோஸின் நீளத்தையே போடுங்கள். ஒரு விரல் நீளம் கூடுதலாக வெட்டிய ஹோஸ் மடங்கி நிற்கும் இடத்திலேயே பெட்ரோல் பாதியாகக் குறைந்துவிடும். புதிதாக ஃபில்டர் மாட்டிய மறுநாள் தொடங்கும் பிரச்சினைகளில் பல இந்த மடிப்பால் வருபவை.

இந்த இடத்தில் பஜாஜ் ஸ்கூட்டரை நினைக்காமல் இருக்க முடியாது. ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, மிதிப்பார்கள். பார்த்துச் சிரித்தவர்கள்தான் அதிகம். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. டேங்கில் மிச்சமிருக்கும் கொஞ்சப் பெட்ரோல் காக் பக்கம் ஓடும். சாய்க்கும்போது கிண்ணத்தின் மட்டமும் மாறி, கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் உள்ளே போகும். சோக் போட்டதுபோலத்தான். ஒரே குறை, கோளாறு அப்படியே இருக்கும். நாளைக்கும் சாய்க்க வேண்டும்.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது?

கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். என்னைக் கேட்டால், கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யாத மெக்கானிக்கிடம் வண்டியை விடவே யோசிப்பேன்.

ஒன்றுமே வரவில்லையா? ஹோஸ் வரை பெட்ரோல் வந்தும் கிண்ணத்தில் இல்லையென்றால் ஊசி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது சகஜம். ஸ்குரூடிரைவரின் பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டினால் சில சமயம் விடும். விட்டாலும் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

வந்த பெட்ரோலை இரண்டு நிமிடம் ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் முத்துமுத்தாகவோ தனி அடுக்காகவோ தெரியும். பழுப்புத் தூள் என்றால் டேங்குக்குள் துரு. அப்போது கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பத்து நாள்தான் தாங்கும். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் வேறு வழியில்லை. மஞ்சளாகப் பிசுபிசுத்து, வார்னிஷ் வாசனை அடித்தால் அது நாள்பட்டுப்போன பெட்ரோல்.

கிண்ணம் சரி, ஜெட் சரியா?

இதுவரை எல்லாம் சரியென்றால்தான் கார்புரேட்டரின் உட்பகுதிமேல் கை வைக்க வேண்டும். அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வேண்டியதில்லை. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்போது கோளாறு வருகிறது என்பதே எந்த ஜெட் என்று சொல்லிவிடும்.

கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐட்லிங்கிலும் மிகக் குறைந்த திறப்பிலும் வேலை செய்வது பைலட் ஜெட், மெக்கானிக் மொழியில் ஸ்லோ ஜெட். கால் முதல் முக்கால் வரை ஊசியும் அது உட்காரும் குழலும். அதற்கு மேலே மெயின் ஜெட். சிக்னலில் ஆஃப் ஆகிறது, ஓடும்போது நன்றாக இருக்கிறது என்றால் பைலட் ஜெட் அடைப்பு. ஊருக்குள் நன்றாக ஓடி, ஜிஎஸ்டி ரோட்டில் முழுசாக முறுக்கினால் திக்குகிறது என்றால் மெயின் ஜெட்டோ, அதற்கு முன்னால் எங்கோ பெட்ரோல் வரத்துக் குறைவோ. முழு வேகத்தில்தான் பெட்ரோல் அதிகம் தேவைப்படும் என்பதால் அரைகுறை அடைப்பு அப்போதுதான் வெளியே தெரியும். அதனால்தான் பாட்டில் சோதனையை முதலில் முடிக்கச் சொன்னது.

சோக்கும் ஒரு சோதனைக் கருவி. திக்கும் நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். வண்டி தேறினால் லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை. மோசமானால் ரிச். சூடான பிறகும் சோக் போட்டால்தான் ஐட்லிங் நிற்கிறது என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ கூடுதல் காற்று புகுகிறது. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்டைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். வெயிலிலும் சூட்டிலும் அதில் வெடிப்பு விழும். அந்த வெடிப்போடு ஓடும் வண்டிக்கு எத்தனை ஜெட் மாற்றினாலும் ட்யூனிங் நிற்காது.

100 சிசி வண்டிகளில் பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு துருத் துகள் போதும். அதைக் குண்டூசியாலும் இரும்புக் கம்பியாலும் குத்துவதைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். பித்தளை மெத்தென்ற உலோகம், துளை பெரிதானால் பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்பிரே கிளீனரும் காற்று அடிப்பதும் போதும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும்.

மிக்ஸர் ஸ்குரூவைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கி முட்டவைக்க வேண்டாம், முனை சிதையும். ஸ்குரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது, உள்ளே திருகினால் ரிச். இன்ஜின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருகினால் ரிச். இது தெரியாமல் திருகித்தான் பலர் "அட்ஜஸ்ட் பண்ணப் பண்ண மோசமாகுது" என்கிறார்கள்.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் லீன் அறிகுறியைத் தள்ளிப்போடக் கூடாது. லீனாக ஓடும் இன்ஜின் சூடேறும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் வண்டி என்றால் பெட்ரோல் குறையும்போது ஆயிலும் சேர்ந்து குறைகிறது. "ஓடுது, கொஞ்சம் திக்குது, அவ்வளவுதான்" என்று நெடுந்தூரம் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஒரு ஜெட்டைச் சுத்தம் செய்வதில் முடிய வேண்டியது போரிங் வரை போகும். வேகமாகப் போகும்போது பிடித்தால் பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும்.

காருக்குக் கதை கொஞ்சம் வேறு

மாருதி 800, அம்பாசிடர் போன்ற கார்களில் டேங்க் பின்னால் தாழ்வாக இருக்கிறது. பெட்ரோலை முன்னால் இழுத்துவர பம்ப் வேண்டும். இன்ஜினின் கேம்ஷாஃப்ட் தட்டத் தட்ட மேலும் கீழும் அசையும் ரப்பர் சவ்வுதான் பம்ப். இன்ஜெக்‌ஷன் பம்புபோல அழுத்தமாகத் தள்ளாது, மெல்லத்தான் தள்ளும்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ஹோஸில் வெடிப்பு விழுந்தால் சொட்டாது என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பகுதியில் பெட்ரோல் உறிஞ்சப்படுவதால், வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது, காருக்கு மட்டும் பெட்ரோல் போதாது. இடையில் உள்ளே தெரியும் ஃபில்டர் இருந்தால் ஓடும்போது அதைப் பாருங்கள், காற்றுக் குமிழிகள் தொடர்ந்து வந்தால் வெடிப்பு பின்னால்தான்.

பம்பின் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே இறங்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. பைக்கில் ஊசி வால்வு மூடாமல் இரவெல்லாம் ஓவர்ஃப்ளோ ஆனாலும் இதே கதி நேரலாம். காக்கை மூடிவிட்டு நிறுத்தும் பழைய பழக்கத்துக்குக் காரணம் அதுதான்.

கோடையில் மட்டும், அதுவும் டிராஃபிக்கிலோ மலையேற்றத்திலோ மட்டும் நிற்கும் காருக்கு வேப்பர் லாக் இருக்கலாம். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கும். பானெட்டுக்குள் அதைவிட அதிகச் சூடு. குழாயில் ஆவி நிறைந்தால் பம்பால் அதைத் தள்ள முடியாது. அந்தக் காலத்து அம்பாசிடர் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். இன்றும் வேலை செய்யும் வைத்தியம் அது. ஆனால் சமவெளியில் சாதாரண வெயிலில் தினமும் நின்றால் ஈரத்துணியை நம்பாமல் பம்பைப் பாருங்கள்.

பல கார் கார்புரேட்டர்களில் ஒரு சின்ன மின்சார வால்வும் உண்டு. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஐட்லிங் நிற்காது. ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஜெட்டுக்குப் போங்கள்.

இ20 வந்த பிறகு என்ன மாறியது?

இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்டபோது இருந்த பெட்ரோல் இல்லை. 2022-ல் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்த இ20 அறிமுகமாகி, 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. உங்கள் 1990-களின் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மூன்று விஷயங்கள் நடக்கின்றன. எத்தனால் நல்ல கரைப்பான். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசுக்கை அது இளக்கிவிடும், அது நேராக ஃபில்டருக்கும் ஜெட்டுக்கும் வரும். அடுத்து, பழைய ரப்பர் ஹோஸும் சீல்களும் உப்பலாம், இறுகலாம், வெடிக்கலாம். மூன்றாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சத் தண்ணீரைத் தன்னோடு கரைத்துவைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், அதாவது ரிசர்வ் எடுக்கும் இடத்தில். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பாதி காலி டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது நிஜமான கவலை.

இதோடு கலவைக் கணக்கும் மாறுகிறது. எத்தனால் எரிய, ஒரு பங்குக்குச் சுமார் 9 பங்கு காற்று போதும். எனவே அதே ஜெட் வழியாக இ20 போனால் வண்டி முன்பைவிட லீனாக ஓடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் இதைக் கவனித்துச் சரிசெய்ய சென்சார் இருக்கிறது. கார்புரேட்டருக்கு ஜெட்டின் துளைதான் எல்லாம். காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுப்பது, குறைந்த வேகத்தில் லேசாகத் திக்குவது இதனால் இருக்கலாம். மிக்ஸர் ஸ்குரூவைச் சிறிது ரிச் பக்கம் திருப்பினாலே பல வண்டிகள் சமாளிக்கும். மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டுவதும் உண்டு. ஆனால் பிளக்கின் நிறம் லீன் என்று சொல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். எல்லாக் கோளாறுக்கும் "இ20தான் சார்" என்று சொல்வதும் இப்போது ஒரு வசதியான பதிலாகிவிட்டது. மூடித் துளை அடைத்ததற்கு எத்தனால் பொறுப்பல்ல.

செய்ய வேண்டியது எளிது. ஹோஸ்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்க மாட்டீர்கள் என்றால், காக்கை மூடி, கிண்ணத்திலிருக்கும் பெட்ரோல் தீர்ந்து தானாக ஆஃப் ஆகும் வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஸ்லோ ஜெட்டில் பிசின் படிவதில் பெரும்பகுதி இதிலேயே தவிரும்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்கலாம்?

"வண்டி சரியில்லண்ணே" என்று விட்டுவிட்டு வந்தால் பில் எப்படி வரும் என்று தெரியும். "பதினைந்து நிமிஷம் ஓடினதும் நிக்குது, மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு சத்தம் வருது" என்றோ, "ஐட்லிங் மட்டும்தான் நிக்கல, சோக் போட்டா நிக்குது" என்றோ சொல்லிப் பாருங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் அதிலிருந்தே பாதியைப் பிடித்துவிடுவார், உங்களிடம் பேசும் விதமும் மாறும்.

கார்புரேட்டரை மாற்ற வேண்டும் என்று சொன்னால் காரணம் கேளுங்கள். த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறது, ஸ்லைடு கீறி லூஸாகிவிட்டது, உடம்பில் விரிசல், கழற்ற முடியாதபடி மரை போய்விட்டது என்றால் மாற்றுவது நியாயம். "ரொம்பப் பழசாயிடுச்சு" என்பது காரணமில்லை. ஊசி வால்வும் கேஸ்கெட்டும் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்கி வையுங்கள். சந்தையில் கிடைக்கும் போலி கார்புரேட்டர்களின் ஜெட்டில் பொறித்த எண்ணும் உண்மைத் துளையும் ஒத்துப்போகாமல் இருப்பதுண்டு. உங்கள் வண்டியோடு வந்த பழைய ஜெட் அதைவிட நம்பகமானது.

டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்க டியூபை வாயால் உறிஞ்சுவதை இன்னும் பல கடைகளில் பார்க்கலாம். ஒரு மடக்கு தப்பி மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். காக்கின் ஹோஸைக் கழற்றினாலே இறங்கப்போகும் பெட்ரோலுக்கு அந்த வித்தை தேவையில்லை. யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். சோதனைக்குப் பிடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குள் வைப்பதும் வேண்டாம். தண்ணீரும் துருவும் கலந்ததைத் திரும்ப டேங்கிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், மூடி போட்ட உலோக டப்பாவில் ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். பாகங்கள் கழுவ அவர்களுக்கு உதவும்.